கேனில் இருப்பதும் மருந்துதான்

பதினாறு ஆண்டுகளாக டயாலிசிஸ் தொழில்நுட்பராக வேலை பார்க்கிறேன். இந்த வேலையில் நான் செய்த தவறுகளில் மிக நீண்ட காலம் தொடர்ந்த ஒன்று, ஒரு மனிதரைத் தண்ணீர் குடித்ததற்காகத் திட்டியது.

அவர் வாரம் மூன்று முறை வருவார். ஒவ்வொரு முறையும் உலர் எடைக்கு, அதாவது உடலில் மிகுதி நீர் இல்லாதபோது இருக்கவேண்டிய எடைக்கு, மேல் நான்கு கிலோ, சில நாட்களில் நாலரை கிலோ ஏறியிருக்கும். எடை பார்க்கும் மேடையில் கால் வைக்கும்போதே எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். "என்ன சார், மறுபடியுமா?" என்று கேட்போம். "நாக்கு ஒட்டிக்குது தம்பி, முடியல" என்பார். வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொன்னோம், பனிக்கட்டியைச் சப்பச் சொன்னோம், உப்பைக் குறைக்கச் சொன்னோம். உப்பைக் கண்ணாலும் பார்க்காமல்தான் சமைப்பதாக அவருடைய மனைவி சொன்னதை நாங்கள் பாதிதான் நம்பினோம்.

புதிதாக வந்த சிறுநீரக மருத்துவர் ஒருவர், அந்த நோயாளியின் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களையெல்லாம் எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பச் சொன்னார். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் எடுத்த ரத்தத்தில் சோடியம் 134, 135, 134, 136, 135 என்று மாதாமாதம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றிருந்தது. பிறகு மருத்துவர் எழுந்து வந்து இயந்திரத்தின் அமைப்பைப் பார்த்தார். ரத்தத்தைச் சுத்தம்செய்ய அதில் ஓடும் திரவத்தின் சோடியம் 140. அதுவும் போதாதென்று, தொடக்கத்தில் 148-இல் ஆரம்பித்துப் படிப்படியாக 140-க்கு இறங்கும் சோடியம் புரொஃபைலிங் வேறு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் ரத்த அழுத்தம் இறங்கிக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டபோது யாரோ போட்டுவிட்ட அமைப்பு அது. அதை எடுக்கவேண்டும் என்று அதன்பின் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அவருடைய உடல் 135-இல் இருக்கப் பழகியிருந்தது. நாங்கள் வாரத்துக்கு மூன்று முறை அதை 140-க்குத் தூக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். அவர் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்து அதைத் திரும்ப 135-க்குக் கொண்டுவந்தார். குடித்ததற்காக அடுத்த முறை வந்தபோது நாங்கள் திட்டினோம்.

நீண்ட காலம் டயாலிசிஸில் இருப்பவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் டயாலிசர் என்ற வடிகட்டி எந்த அளவு, ஊசி குத்தும் ரத்தநாள இணைப்பான ஃபிஸ்டுலா எப்படி இருக்கிறது, எத்தனை கிலோ எடுத்தார்கள் என்பதையெல்லாம் துல்லியமாகச் சொல்வார்கள். அந்தத் திரவம் தயாராகும் கேனில் இருப்பது என்ன என்று கேட்டால் பெரும்பாலானோருக்குத் தெரியாது. அது அவர்கள் குறையன்று, நாங்கள் சொல்வதில்லை. மாத்திரையின் பெயரை எழுதிக்கொடுக்கிறோம், ஊசியின் அளவை எழுதிக்கொடுக்கிறோம். ஆனால் ஒரு மனிதரின் ரத்தத்தோடு மிக அதிக அளவில் உறவாடும் பொருளைப் பற்றி ஒரு வரிகூட எழுதிக்கொடுப்பதில்லை.

அளவு என்று சொன்னதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். திரவம் வழக்கமாக நிமிடத்துக்கு 500 மில்லி ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். வாரம் மூன்று முறை என்றால் 360 லிட்டர், ஆண்டுக்கு 18,000 லிட்டருக்கும் மேல். மற்றவர்கள் ஒரு வாரத்தில் குடிக்கும் தண்ணீர் பதினைந்து லிட்டர் இருந்தால் அதிகம், அதையும் குடல் தேர்ந்தெடுத்தே உள்ளே விடுகிறது, மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. டயாலிசிஸ் நோயாளியின் ரத்தத்துக்கும் அந்த 360 லிட்டருக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே. அந்தச் சவ்வு எதையும் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ரத்தத்தில் அதிகமாகவும் திரவத்தில் குறைவாகவும் இருப்பது வெளியே போகும், திரவத்தில் அதிகமாக இருப்பது உள்ளே வரும். கழிவுகளான யூரியாவும் கிரியாட்டினினும் திரவத்தில் இல்லவே இல்லை என்பதால் அவை வெளியேறுகின்றன. சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட், குளுக்கோஸ் ஆகியவை எந்தப் பக்கம், எவ்வளவு நகரவேண்டும் என்பதைத் திரவத்தில் நாம் வைக்கும் அளவுதான் தீர்மானிக்கிறது.

இயந்திரத்தின் முன் இரண்டு கேன்கள் நிற்பதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். சிவப்பு நிறக் குழாய் போவது ஏ கேன். அதன் மூடியைத் திறந்தால் வினிகர் வாடை லேசாக மூக்கில் ஏறும். சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், குளுக்கோஸ் எல்லாம் அதில் இருக்கின்றன, கூடவே கொஞ்சம் அசிட்டிக் அமிலம். நீல நிறக் குழாய் போவது பி கேன், அது பைகார்பனேட். பொடியைப் பிரித்துக் கொட்டி, ஆர்ஓ தண்ணீர் ஊற்றிக் கலக்கும்போது முதலில் பால் போல வெளுத்துப் பிறகு மெல்லத் தெளியும். வேகமாகக் கரையட்டும் என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேனைப் பிடித்துக் குலுக்குவார்கள். நான் தடுப்பேன். குலுக்கக் குலுக்கக் கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடும், கரைசலின் தன்மை மாறிவிடும். கலக்கிய பி கரைசலை அன்றைக்கே தீர்த்துவிடவேண்டும், மிச்சத்தை மறுநாளைக்கு வைக்கக்கூடாது. கிருமிகளுக்கு அந்த உப்புநீர் நல்ல விளைநிலம்.

இரண்டையும் ஏன் ஒரே கேனில் ஊற்றிவைக்கக்கூடாது என்றால், கால்சியமும் பைகார்பனேட்டும் அடர்த்தியாகச் சேர்ந்தால் சுண்ணாம்பாகத் திரிந்து அடியில் படிந்துவிடும். 1960-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் மருத்துவர் ஸ்கிரிப்னர் நிரந்தரக் குழாய் இணைப்பைக் கண்டுபிடித்து, நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களைத் தொடர்ந்து உயிரோடு வைத்திருக்க முடியும் என்று காட்டியபின், அந்தக் குழுவினர் இந்தச் சுண்ணாம்புச் சிக்கலுக்கு ஒரு வழி தேடினார்கள். 1964-இல் பைகார்பனேட்டுக்குப் பதிலாக அசிட்டேட்டைப் போட்டார்கள். கல்லீரல் அசிட்டேட்டைப் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்ளும், கால்சியத்தோடு அது திரிவதும் இல்லை, ஒரே கேன் போதும். உலகம் முழுதும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அசிட்டேட்டில் ஓடியது. டயாலிசர்கள் திறன் கூடி, நேரம் சுருங்கியபோதுதான் கல்லீரல் மாற்றும் வேகத்தைவிட வேகமாக அசிட்டேட் உள்ளே வரத் தொடங்கியது. ரத்தநாளங்கள் தளர்ந்தன, ரத்த அழுத்தம் சரிந்தது, குமட்டலும் தலைவலியும் டயாலிசிஸின் இயல்பு என்றே நோயாளிகள் நினைத்துக்கொண்டார்கள். 1980-களில் இரண்டு கேன் முறையோடு பைகார்பனேட் திரும்ப வந்தபின் அந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி குறைந்தது. எனக்கு முன் வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தவர். "அதுவரைக்கும் வாந்தி வந்தா அவங்க உடம்பு தாங்கலன்னு நினைச்சோம், தண்ணிதான் தாங்கலன்னு அப்புறம்தான் புரிஞ்சுது" என்பார்.

இனி சோடியத்துக்கு வருகிறேன். உடலில் நீர் 35 லிட்டர் இருக்கும் ஒருவரின் சோடியம் 135-இலிருந்து 140-க்கு ஏறினால், லிட்டருக்கு 5 மில்லிமோல் வீதம் 175 மில்லிமோல் உள்ளே போயிருக்கிறது. உப்பாகச் சொன்னால் சுமார் 10 கிராம். அதை மீண்டும் 135-க்கு நீர்க்கவைக்க அவர் குடிக்கவேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 1.3 லிட்டர். இது தோராயக் கணக்குதான். ஆனால் உணவில் ஒரு சிட்டிகைகூட உப்புச் சேர்க்காதவருக்கும் எங்கிருந்து தாகம் வந்தது என்பது இதில் தெரிந்துவிடுகிறது. தாகத்தை இயக்குவது மூளையில் இருக்கும் ஓர் உணர்வு மையம். ஒருவருடைய சோடியம் எந்த எண்ணில் நிற்கவேண்டும் என்பதை அது பிடிவாதமாகக் காக்கிறது, மன உறுதியால் அதை வெல்லச் சொல்வது, மூச்சை அடக்கிக்கொண்டே நடக்கச் சொல்வதற்குச் சமம். ஏறிய எடை அத்தனையும் அடுத்த முறை நான்கு மணி நேரத்துக்குள் உறிஞ்சப்பட வேண்டும். வேகமாக உறிஞ்சினால் அழுத்தம் சரியும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அதற்கு மருந்தாக நாங்கள் சோடியத்தை ஏற்றுவோம். அடுத்த முறை எடை இன்னும் கூடியிருக்கும். இந்தச் சுழலுக்குள் பல ஆண்டுகள் இருப்பவரின் இதயத்தின் இடப்புறச் சுவர் தடித்துப்போகிறது.

அந்த நோயாளிக்குத் திரவத்தின் சோடியத்தை ஒரே நாளில் இறக்கவில்லை. புரொஃபைலிங்கை நிறுத்திவிட்டு, 139, 138, 137 என்று சில வாரங்கள் எடுத்துக்கொண்டு மருத்துவர் இறக்கினார். இரண்டு மாதம் கழித்து அவர் மூன்று கிலோவுக்கும் கீழே ஏறி வந்தார். எடை மேடையில் நின்று என்னைப் பார்த்து, "இப்போ தண்ணி நினைப்பே வரல தம்பி" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு எதற்கென்று உடனே புரியவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லாருக்கும் சோடியத்தைக் குறைத்தால் போதும் என்று நினைத்துவிடக்கூடாது. டயாலிசிஸின்போது அழுத்தம் அடிக்கடி சரிகிறவர்களுக்கு, இதயம் பலவீனமானவர்களுக்குக் குறைந்த சோடியம் அந்த நான்கு மணி நேரத்தைக் கடினமாக்கிவிடும். யூரியா வேகமாக வெளியேறும்போது ரத்தத்தின் அடர்த்தி குறைந்து நீர் செல்களுக்குள் ஓடுகிறது. திரவத்தில் சோடியமும் குறைவாக இருந்தால் அந்த ஓட்டம் இன்னும் கூடும், தலைவலியும் வரும். அதனால்தான் நான் எண்ணைப் பரிந்துரைக்கவில்லை; அந்த நோயாளியின் சொந்தச் சோடியம் எவ்வளவு என்பதைப் பார்த்துவிட்டு எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். மாதாமாதம் எடுக்கும் ரத்தத்தில் அந்த விவரம் இருக்கிறது. யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

சோடியம் ஆண்டுக்கணக்கில் உடலைக் கெடுக்கும். பொட்டாசியத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. உடலில் ஏறக்குறைய 3,500 மில்லிமோல் பொட்டாசியம் இருந்தாலும், செல்களுக்கு வெளியே, அதாவது டயாலிசிஸ் தொடக்கூடிய இடத்தில், இருப்பது அதில் இரண்டு சதவீதம்தான். அந்தச் சிறிய குளத்திலிருந்து நாம் இறைக்கிறோம். செல்களுக்குள் இருப்பது மெதுவாக ஊறி வந்து நிரப்புகிறது. வேகமாக இறைத்தால் குளம் சட்டென்று வற்றுகிறது. இதயத் தசையின் மின்சாரம் உள்ளேயும் வெளியேயும் உள்ள பொட்டாசியத்தின் விகிதத்தை நம்பி ஓடுவது. அந்த விகிதம் ஒரு மணி நேரத்துக்குள் தலைகீழாக மாறுவதை அது விரும்புவதில்லை.

இதனால்தான் ரத்தத்தில் பொட்டாசியம் 6.5 என்று வந்தவுடன், பொட்டாசியமே இல்லாத அல்லது 1 மட்டுமே உள்ள கேனைக் கேட்கும் பழக்கத்தைக் கண்டு நான் பயப்படுகிறேன். ரத்தத்தின் எண்ணும் கேனின் எண்ணும் சேர்ந்து ஏழு வரவேண்டும் என்று படுக்கையருகே சொல்லிக்கொள்ளும் ஒரு பழைய கணக்கு உண்டு. மனப்பாடம் செய்ய எளிது, ஆனால் 6 வந்தவருக்கு 1 கொடுக்கச் சொல்கிறது. திரவத்தில் பொட்டாசியம் 2-க்குக் கீழே இருப்பதற்கும் டயாலிசிஸ் மையத்திலேயே திடீரென்று இதயம் நிற்பதற்கும் தொடர்பு இருப்பதைப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மறுபக்கம், வாரத்தில் மூன்று முறை என்ற அட்டவணையில் ஓர் இடைவெளி மட்டும் நீளமாக விழுகிறது. அமெரிக்க நோயாளிகளின் தரவுகளைக் கொண்டு 2011-இல் வெளியான ஆய்வு, அந்த இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் இறப்பும் இதயக் கோளாறுக்கான மருத்துவமனைச் சேர்க்கையும் அதிகம் என்று கண்டது. ஆகவே நீண்ட இடைவெளி முடிந்து வருபவருடைய பொட்டாசியம் வாரத்திலேயே மிக உயரத்தில் இருக்கும், அன்றைக்குத்தான் அதை மிக ஆழத்துக்கு இறக்கவும் ஆசைப்படுகிறோம். அந்த ஒரு நாளில் இரண்டு அபாயங்களும் கைகோத்து நிற்கின்றன. உணவிலும் பொட்டாசியத்தைப் பிடிக்கும் மருந்துகளிலும் மலச்சிக்கலைச் சரிசெய்வதிலும் கவனம் வைத்து, கேனை 2-இலோ 3-இலோ நிறுத்தி, நேரத்தை நீட்டி மெதுவாக எடுப்பதுதான் எனக்குத் தெரிந்தவரை இதயத்துக்கு இதமான வழி. டிகாக்சின் என்ற இதய மருந்தைச் சாப்பிடுபவர்களிடம் இந்த எச்சரிக்கை இன்னும் ஒருபடி கூடவேண்டும்.

டயாலிசிஸ் முடிந்த கையோடு ரத்தம் எடுத்துப் பொட்டாசியம் 3.1 என்று வந்தால் பயந்து மாத்திரை கொடுத்துவிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். சில மணி நேரத்தில் செல்களுக்குள்ளிருந்து அது ஊறி வந்துவிடும். பொறுத்திருக்கவேண்டும்.

கால்சியத்தின் கதை வேறு மாதிரி. ஒரு தலைமுறைக்கு நல்லது என்று தேர்ந்தெடுத்த எண், அடுத்த தலைமுறைக்குக் கெடுதலாகிப்போனது அதில்தான் நடந்தது. முற்காலத்தில், உணவிலுள்ள பாஸ்பரஸ் ரத்தத்தில் சேராமல் பிடிக்க அலுமினிய மருந்துகளைக் கொடுத்தார்கள். நோயாளிகளுக்குக் கால்சியம் குறைவாக இருந்தது. அதனால் திரவத்தில் 1.75 மில்லிமோல் வைத்தார்கள். பிறகு அலுமினியத்தின் கேடு தெரிந்து, அந்த இடத்தில் கால்சியம் கார்பனேட்டும் கால்சியம் அசிட்டேட்டும் வந்தன. வைட்டமின் டி மருந்துகளும் சேர்ந்தன. வாய் வழியாகவே போதுமான கால்சியம் போக ஆரம்பித்தபின்னும் கேனில் 1.75 பல இடங்களில் அப்படியே தொடர்ந்தது. ரத்தத்தில் கட்டுறாமல் சுதந்திரமாக இருக்கும் கால்சியம் சுமார் 1.1 முதல் 1.3 மில்லிமோல்தான், ஆகவே 1.75 உள்ள திரவம் ஒவ்வொரு முறையும் கால்சியத்தை உடலுக்குள் தள்ளுகிறது. போன கால்சியம் எலும்புக்குப் போகும் என்று நம்பினோம். அது ரத்தநாளச் சுவருக்குப் போனது.

பன்னிரண்டு ஆண்டுகள் டயாலிசிஸில் இருந்த ஒருவரின் கை எக்ஸ்ரேயை ஒருமுறை வெளிச்சப் பலகையில் வைத்துப் பார்த்தேன். விரல் எலும்புகளுக்குப் பக்கத்தில், எலும்பு இருக்கக்கூடாத இடத்தில், இரண்டிரண்டு வெள்ளைக் கோடுகள் வளைந்து நெளிந்து நுனி வரை ஓடின. அவை அவருடைய ரத்தநாளங்கள். எந்தச் சாயமும் செலுத்தாமலே, சுண்ணாம்பு பூசிய குழாய்களைப் போலத் தெரிந்தன. மணிக்கட்டைத் தொட்டால் நாடி கயிறு மாதிரி இருக்கும். இதற்குக் கேன் மட்டும் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. பாஸ்பரஸ், சர்க்கரை நோய், வயது, கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி எல்லாம் சேர்ந்த வேலை அது. ஆனாலும் அவற்றோடு சேர்ந்த கேனின் பங்கை நாங்கள் கேனை மாற்றியே குறைத்திருக்கலாம்.

ஒரேயடியாகக் குறைப்பதும் சரியில்லை. 1.25-இல் வைத்தால் சிலருக்குப் பாராதைராய்டு சுரப்பி பதறி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்குகிறது. டயாலிசிஸின்போது இதயத் துடிப்பின் வலிமையும் ரத்த அழுத்தமும் இறங்குகின்றன. பொட்டாசியமும் சேர்ந்து குறைவாக இருந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு தடுமாறக்கூடும். சுரப்பியே அடங்கிப்போய் எலும்பு உறங்கிக்கிடப்பவர்களுக்கு 1.25 நல்லதாகவும், அழுத்தம் நிற்காதவர்களுக்கு 1.5 நல்லதாகவும் அமையலாம். கேடிகோ என்ற உலகளாவிய சிறுநீரக அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 1.25-க்கும் 1.50-க்கும் இடையில் வைக்கச் சொல்கிறது. இங்கே ஒரு சிறு குறிப்பு: சில கேன்களில் 2.5, 3.0, 3.5 என்று அச்சிட்டிருப்பார்கள். அது மில்லி ஈக்விவலன்ட் கணக்கு. பாதியாக்கினால் மில்லிமோல் வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வாதிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பைகார்பனேட்டில் மறைந்திருக்கும் ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். இயந்திரத்தின் திரையில் 35 என்று இருக்கும். அதோடு ஏ கேனில் உள்ள அசிட்டேட்டும் கல்லீரலில் பைகார்பனேட்டாகும் என்பதால், நோயாளிக்குச் சேரும் மொத்தக் காரம் திரையில் தெரிவதைவிட அதிகம். திரவ வடிவில் வரும் பெரும்பாலான ஏ கேன்களில் அசிட்டேட் மூன்று நான்கு மில்லிமோல்தான். சில பொடி வகைகளில் எட்டு வரை இருக்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் விடுவதால் டோஸ் தவறுகிறது என்று 2012-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கையே விட்டது. அமிலம் தேங்கினால் தசையும் எலும்பும் கரையும், அதனால் டயாலிசிஸுக்கு முன் பைகார்பனேட் 22-க்குக் கீழே போகாமல் பார்க்கிறோம். காரம் மிகுந்தால் பொட்டாசியம் இன்னும் வேகமாகச் செல்களுக்குள் ஒளிந்துகொள்ளும், கால்சியமும் கட்டுண்டுபோகும். இதயத்துக்கு இரண்டும் சேர்ந்து ஆகாது. வயதாகி, சாப்பாடு குறைந்து, புரதமே உள்ளே போகாமல் மெலிந்துவருபவரின் பைகார்பனேட் பரிசோதனையில் அழகாக 27, 28 என்று வரும். அது நல்ல டயாலிசிஸுக்கு அடையாளமன்று; அவர் சாப்பிடவில்லை என்பதன் அடையாளம். அவருக்குப் போய் 35 வைத்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

மக்னீசியத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. பெரும்பாலும் 0.5 மில்லிமோல் இருக்கும். வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஓமெப்ரசோல் போன்ற மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்களுக்கு ரத்தத்தில் அது குறைந்து, தசைப்பிடிப்பும் துடிப்புக் கோளாறும் வரக்கூடும் என்பதால் எப்போதாவது ஒருமுறை அளந்து பார்க்கலாம். குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் இருக்கும் கேன் இன்று பரவலாக இருக்கிறது. குளுக்கோஸ் இல்லாத கேனில் சர்க்கரை நோயாளிகளை, அதுவும் காலையில் இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்தவர்களை, விடக்கூடாது.

திரவத்தின் வெப்பத்தையும் அதன் சேர்மானத்தில் ஒன்றாகவே எண்ணுகிறேன். 37 டிகிரியில் ஓடும் திரவம் உடலைச் சூடேற்றித் தோல் ரத்தநாளங்களை விரிக்கிறது. 36-க்குக் கொஞ்சம் குறைத்தால் அழுத்தம் நிற்கிறது. இது படுக்கையருகே தினமும் காணும் உண்மை. இதை எல்லாருக்கும் விதியாக்கலாமா என்று கனடாவின் ஒன்டாரியோவில் 84 டயாலிசிஸ் மையங்களில் சோதித்து 2022-இல் வெளியிட்டார்கள். இதய நோயோ இறப்போ குறையவில்லை, நோயாளிகளுக்குக் குளிர்தான் அதிகமாக இருந்தது. எனக்கு அந்த முடிவு ஏமாற்றமளிக்கவில்லை. அழுத்தம் சரிகிறவருக்கு வெப்பத்தைக் குறைப்பதும், சரியாதவரைப் போர்வைக்குள் நடுங்கவிடுவதும் வெவ்வேறு செயல்கள் என்று அது சொல்கிறது.

திரவத்தில் இருக்கவேண்டியவற்றைச் சொன்னேன். இருக்கக்கூடாதவை இன்னும் கடுமையானவை, ஏனெனில் அந்த 120 லிட்டரில் பெரும்பகுதி தண்ணீர்தான். 1970-களில், ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸில் நன்றாக இருந்தவர்களுக்குத் திடீரென்று பேச்சுத் திக்கியது. டயாலிசிஸ் முடிந்ததும் திக்கல் கூடியது. பிறகு கை உதறல், நினைவிழப்பு, வலிப்பு, சில மாதங்களில் மரணம். இது மூளையில் சேர்ந்த அலுமினியத்தின் நஞ்சாக இருக்கலாம் என்று 1976-இல் அமெரிக்காவின் டென்வரைச் சேர்ந்த மருத்துவர் ஆல்ஃப்ரியும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். குடிநீரைத் தெளியவைக்கப் படிகாரம் போடுகிறார்கள்; அதன் அலுமினியம் திரவத்தின் வழியாக ரத்தத்துக்குப் போகிறது என்பது பிறகு தெரிந்தது. அதே அலுமினியம் எலும்புகளையும் மென்மையாக்கி முறித்தது. 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில், சரியாகச் சுத்திகரிக்கப்படாத நீர்த்தேக்கத்து நீரில் இருந்த நீலப்பச்சைப்பாசியின் நஞ்சு டயாலிசிஸ் வழியாக உடலுக்குள் போய், கல்லீரல் செயலிழந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். அந்தத் தண்ணீரை நல்ல உடல்நிலையில் இருப்பவர் குடித்திருந்தால் இந்த அளவுக்கு நஞ்சு ரத்தத்தில் சேர்ந்திருக்காது.

ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன் கார்பன் தொட்டியைக் கடந்துவரும் தண்ணீரில் மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கிறதா என்று சோதனைப் பட்டையை நனைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். குடிநீரில் கிருமியைக் கொல்லச் சேர்க்கும் குளோரமின் தப்பிவந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். அதிகாலையில், கண்ணைக் கசக்கிக்கொண்டு நோயாளிகள் காத்திருக்கும்போது, அந்தப் பட்டையின் நிறம் மாறும் வரை நிற்கும் நேரம் நீளமாகத்தான் தெரியும். யாராவது "தெனமும் ஒரே மாதிரிதானே இருக்கு" என்றால் நான் கோபப்பட்டுவிடுகிறேன். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது: கிருமிகளின் உடைந்த துண்டுகளான எண்டோடாக்சின்கள். அவை யாரையும் ஒரே நாளில் வீழ்த்துவதில்லை. அணையாத தணல் போல உடலில் அழற்சியை வைத்திருக்கின்றன. ரத்தசோகை ஊசிக்கு உடல் ஒத்துழைக்க மறுக்கிறது. பத்து ஆண்டுகள் தாண்டியவர்களுக்கு இரவில் விரல்கள் மரத்து, மணிக்கட்டு நரம்பு நசுங்கும் நோய் வருவதில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தின் படிவுக்குப் பங்கு உண்டு. மிகத் தூய்மையான திரவம் அதைத் தள்ளிப்போட உதவுகிறது என்பது நீண்டகால நோயாளிகளுக்கு உண்மையிலேயே நல்ல செய்தி.

இவ்வளவு தெரிந்தும் எல்லாருக்கும் ஏன் ஒரே கேன் என்றால், அது வசதி. பல மையங்களில் ஏ கரைசல் ஒரே பெரிய தொட்டியிலிருந்து எல்லாப் படுக்கைகளுக்கும் குழாயில் வருகிறது. மூன்று வகைக் கேன்களை அடுக்கிவைக்க இடம் வேண்டும், மாறிப்போகாமல் பார்க்க ஆள் வேண்டும். மாறிப்போகும் பயம் பொய்யானதன்று. இயந்திரம் திரவத்தின் மின்கடத்தும் திறனை அளக்கிறது. 14 மில்லிசீமென்ஸுக்கு அருகில் இருந்தால் திருப்தியாகிவிடுகிறது. அது உப்புகள் மொத்தமாக எவ்வளவு என்பதைச் சொல்லும் எண், அதில் பெரும்பங்கு சோடியத்தினுடையது. ஏ கேனும் பி கேனும் இடம் மாறினால் அலறிவிடும். ஆனால் பொட்டாசியம் 2 உள்ள கேனுக்கும் 3 உள்ள கேனுக்கும் உள்ள வேறுபாடு அதன் கண்ணில் படாது. அந்த வேறுபாட்டைப் பார்ப்பதற்கு மனிதக் கண் ஒன்றுதான் உண்டு.

அந்தத் தாகக்காரரின் விஷயத்துக்குப்பின், எங்கள் படுக்கைகள் ஒவ்வொன்றின் காலடியிலும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டோம். சோடியம், பொட்டாசியம், கால்சியம், பைகார்பனேட், வெப்பம் என்று ஐந்து வரி. பக்கத்திலேயே அந்த மாத ரத்தப் பரிசோதனையின் எண்கள். நோயாளிகளுக்கும் ஒவ்வொரு வரியும் என்னவென்று சொல்லிக்கொடுத்தோம். முதலில் பலர் ஆர்வம் காட்டவில்லை. ஓர் அம்மா மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தினமும் படிப்பார். அவருக்கு டயாலிசிஸுக்கு முன்பே பொட்டாசியம் 4.2, 4.3 என்றுதான் இருக்கும், முன்பு இரண்டு முறை துடிப்பு தாறுமாறாகியிருந்தது, அதனால் கேனை 3-க்கு மாற்றியிருந்தார்கள்.

சென்ற மாதம் ஒருநாள், ஊசி குத்திக் குழாயை இணைக்கக் குனிந்தபோது அவர் என் கையைத் தொட்டார். "தம்பி, என் அட்டையில மூணுன்னு இருக்கு, கேன்ல ரெண்டுன்னு போட்டிருக்கே?" என்றார். திரும்பிப் பார்த்தேன். திரையில் 14.0 நிலையாக நின்றது, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேனின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளில் 2 என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. நான் குழாய்க் கவ்வியைப் போட்டுவிட்டு எழுந்து போய்ச் சரியான கேனைக் கொண்டுவந்து வைத்தேன். புதுத் திரவம் வந்து கடத்துதிறன் சீராகும் வரை சில நிமிடங்கள் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இப்போ போடு" என்றார்.